மூண்டடி தூரத்திலை ஹவுஸ்கோட்

வில்லரே, மொன்றியல்
12.11.1995

அன்பின் அத்தான்,

சுகம் கேக்கிற வரியளைக் கடைசியிலை எழுதுறன். முதல்லை புதினத்தைச் சொல்லாட்டிக் கை ஓடாது.

எங்கடை தையல் ஃபக்டரி பூட்டியாச்சு. சென்ட் லோரன்டிலை நாலு வருசமா நான் சேட்டுக் கொலர் தைச்ச அதே ஃபக்டரிதான். முதலாளி மெசினுகளைக்கூட எடுக்காமல் கதவைச் சாத்திப்போட்டுப் போட்டான். எனக்கு வேலை இல்லையெண்டால் உங்களைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் என்னாகும் எண்டு ரெண்டு நாள் சோறு இறங்கேல்லை. மூண்டாம் நாள் எங்கடை சூப்பர்வைசர் சிசிலி போன் அடிச்சா. ஒரு சினிமாக் கொம்பனி அந்தக் கட்டிடத்தை மெசினுகளோடை அப்பிடியே வாடகைக்கு எடுத்திருக்காம். படத்தின்ரை கதாநாயகிக்கு மெசின் ஓட்டப் பழக்க ஒரு ஆள் வேணுமாம்.

போனன். கதாநாயகியின்ரை பேர் செலீன், நாப்பத்தொரு வயசு. முதல் நாளே ஊசியை விரலிலை ஏத்திப்போட்டு, என்னைப் பாத்துச் சிரிச்சா. ஒரு கிழமையிலை நேர்த் தையல் தைக்கப் பழகியிட்டா. பேந்து, யோகராணி கடைசி மட்டும் தன்னோடை நிக்கவேணும் எண்டு டிறெக்டர் ஹென்றியிட்டைச் சொல்லிப்போட்டா. இப்ப நான் உடுப்புப் பகுதி. கிழிஞ்சதைத் தைக்கிறது, ஸ்திரி போடுறது. இன்னொரு வேலையும் கிடக்கு. படம் எடுக்கேக்கை ஹீட்டர் சத்தம் போடுது எண்டு நிப்பாட்டிப்போடுவினம், சரியான குளிர். ஹென்றி 'கூப்பே' எண்டு சொல்லி கமராவை நிப்பாட்டினவுடனை நான் கம்பளி ஹவுஸ்கோட்டோடை ஓடிப்போய் செலீனைப் போத்தவேணும். எப்பவும் அவவுக்கு மூண்டடி தூரத்திலை நிக்கவேணும் எண்டது சட்டம்.

கதை என்னெண்டால், இஞ்சத்தைத் துறைமுகத்திலை இருந்து கப்பலேறிப் போன புருசன் ஆறு வருசத்தாலை திரும்பி வாறான். மனிசி தையல் ஃபக்டரியிலை வேலை. உங்களுக்கு ஆரையோ ஞாபகம் வரும். நல்ல குடும்பப் படம்.

நான் சுகம். நீங்கள் அந்த லொட்ஜிலை நேரத்துக்குச் சாப்பிடுறியளோ?

உங்கடை
யோகராணி


வெள்ளவத்தை
14.12.1995

என்ரை ராணிக்கு,

உம்மடை கடிதம் வந்த அண்டைக்கு லொட்ஜிலை இருக்கிற பதினெட்டுப் பேருக்கும் பிளேன்ரீ வாங்கிக் குடுத்தன். வேலை போன கதையை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சினிமாவை மட்டும் சொன்னன்.

உமக்கு விளங்கும்தானே. பதினொரு வருசம் தியேட்டர்க் காரிலை மைக்கைப் பிடிச்சு, 'இன்று முதல் தினசரி மூன்று காட்சிகள்' எண்டு யாழ்ப்பாணம் முழுக்கக் கத்திக்கொண்டு நோட்டீஸ் எறிஞ்ச மனிசன் நான். கரண்டும் இல்லை, தியேட்டரும் இல்லை எண்டு போனாப் பிறகு இந்தத் தொண்டை பொலிசுக்குப் பேர் விலாசம் சொல்லத்தான் உதவுது. இப்ப என்ரை மனிசி கனடாச் சினிமாவிலை. சும்மா இருக்க ஏலுமே?

நோட்டீஸ் அடிச்சுப் போட்டன். இருநூறு. ஒண்டு இதோடை வைச்சிருக்கிறன், பாரும்.

'கனடாத் திரைவானில் யாழ்ப்பாணத்துப் பெண்மணி! பாசம்! பிரிவு! கண்ணீர்! குடும்பத்தோடு கண்டுகளிக்கவேண்டிய உன்னத சித்திரம்! உடையலங்காரம்: திருமதி யோகராணி நகுலேஸ்வரன்.'

சலூன், ரியூட்டரி, கோயில் வாசல் எல்லா இடமும் குடுத்தாச்சு. லொட்ஜ் மனேச்சர், உந்த நேரத்திலை றோட்டிலை நிண்டு கடதாசி குடுக்காதையும் ஐசே, பிடிச்சுக்கொண்டு போடுவாங்கள் எண்டு பேசினார். ஒரு பொலிஸ்காரனும் ஒண்டு வாங்கிக்கொண்டு போனான். தமிழ் தெரியாது, ஆனால் கவனமா மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சான்.

படம் வரேக்கை நான் அங்கை வந்திருப்பன். உம்மோடை பக்கத்துச் சீற்றிலை இருந்து பாப்பன்.

உம்மடை
நகுலேஸ்


வெள்ளவத்தை
22.02.1996

திருமதி யோகராணி அவர்களுக்கு,

தாங்கள் ஈடுபட்டிருக்கும் திரைப்படம் பற்றிய மேலதிக விபரங்களை, மொன்றியலிலிருந்து தமது தங்கையின் திருமணத்துக்கு வந்திருக்கும் திரு. அருமைநாதன் மூலம் அறிந்துகொண்டேன். சலூனில் சவரம் செய்துகொண்டிருந்தவர், சுவரில் ஒட்டியிருந்த எனது பிரசுரத்தைக் கண்டு, பாதி முகத்தில் சோப்புடன் எழுந்து நின்று சிரித்தாராம். பின்னர் அங்குள்ள பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்த செய்தியை எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார். அப்படத்தில் நடிப்பவர்கள் உடையின்றி, எதையும் மறைக்காமல் நடிக்கிறார்கள் என்பதையும், அங்கு ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்வதை மொன்றியலில் தமிழ்ச் சனம் எல்லாம் கதைப்பதையும் சொல்லியிருக்கிறார்.

உடுப்பே இல்லாத படத்துக்கு உடையலங்காரம் எண்டு என்ரை காசிலை, என்ரை கையாலை நோட்டீஸ் அடிச்சிருக்கிறன். இருநூறு. லொட்ஜிலை ஒவ்வொருத்தனும் என்னைக் கண்டால் 'குடும்பத்தோடு கண்டுகளிக்க' எண்டுதான் சொல்லுறான். கோயிலடியாலை போறதை விட்டிட்டன்.

கனடாத் தூதரகத்திலிருந்து மருத்துவப் பரிசோதனைப் பத்திரம் வந்துள்ளது. நான் அதை நிரப்பவில்லை. அங்கு வருவதா இல்லையா என்பது பற்றி யோசிக்கவேண்டியுள்ளது.

இங்ஙனம்,
ப. நகுலேஸ்வரன்


வில்லரே
18.03.1996

அத்தான்,

'இங்ஙனம்' எண்டு முடிச்சிருந்தியள். அஞ்சு வருசத்திலை எத்தினையோ கடிதம் வந்திருக்கு, இதைத்தான் நான் குசினியிலை நிண்டு அழுது வாசிச்சன். அழுது முடிச்சாப் பிறகு கோவம் வந்திட்டுது. ரெண்டையும் எழுதுறன்.

முதல் என்ரை பிழை. குடும்பப் படம் எண்டு எழுதினது பொய். புருசன் பெண்சாதியைப் பற்றின கதைதானே, குடும்பம்தானே எண்டு என்னை நானே ஏமாத்திக்கொண்டு எழுதினனான். அது உங்களை இப்பிடி நாலு பேருக்கு முன்னாலை நிப்பாட்டும் எண்டு தெரிஞ்சிருந்தால் எழுதியிருக்க மாட்டன். அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

இனி மற்றது. நோட்டீஸ் அடிக்கச் சொல்லி நான் கேட்டனானோ? உங்கடை தொண்டை சும்மா இருக்கேலாததுக்கு நான் என்ன செய்ய?

அங்கை என்ன நடந்தது எண்டு அருமைநாதன் அண்ணைக்குத் தெரியாது. அவர் பத்திரிகை வாசிச்சவர். நான் நிண்டனான். கேளுங்கோ.

அந்தக் கட்டங்கள் எடுக்கேக்கை ஆறு பேருக்குத்தான் உள்ளை நிக்க அனுமதி. மற்ற ஆக்களை வெளியிலை விட்டுக் கதவைப் பூட்டிப்போடுவினம். ஒருத்தரும் பகிடி விடேலாது, சத்தமாக் கதைக்கேலாது. என்ன செய்யப்போகினம், எங்கை தொடுவினம், எங்கை தொடமாட்டினம் எண்டு செலீனும் அந்த நடிகரும் ஹென்றியும் முதல் நாளே மேசையிலை இருந்து எழுதிக் கையெழுத்து வைப்பினம். ஓம், உடுப்பில்லைத்தான். ஓம், மறைக்கிறேல்லைத்தான். ரெண்டு பூவை முட்டவிட்டுக் காட்டுற படமில்லை. முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிண்டனான். கண்ணை மூடினால் 'கூப்பே' கேட்டாலும் வழி தெரியாதெல்லோ? லைற் வயரிலை தடக்குப்பட்டு ஹவுஸ்கோட்டும் நானும் செலீனின்ரை காலடியிலை போய் விழுந்தம். அவ குளிரிலை நடுங்கிக்கொண்டு என்னைத்தான் தூக்கி விட்டா. அதுக்குப் பிறகு நான் கண்ணை மூடேல்லை.

ஆறு பேருக்கு முன்னாலை ஒரு பொம்பிளை அப்பிடி இருக்கிறதும், அது முடிஞ்சவுடனை அவவை ஒரு மனிசர் போத்திவிடுறதும், அந்த ரெண்டுக்கும் நடுவிலை இருக்கிற மூண்டடிதான் என்ரை வேலை. நான் வெக்கப்படுற மாதிரி அதிலை ஒண்டும் இல்லை. நாலு வருசம் கொலர் தைச்ச இடத்திலை என்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை செலீன் முதல் நாளே கேட்டுப் பாடமாக்கினவ.

வாறதும் விடுறதும் உங்கடை விருப்பம். ஆனால் மெடிக்கல் பேப்பருக்குத் திகதி கிடக்கு. கோவத்துக்குத் திகதி இல்லை, அதை வந்தும் வைச்சிருக்கலாம்.

யோகராணி


வில்லரே
08.07.1996

அத்தான்,

நாலு மாசமாப் பதில் இல்லை. ஆனால் இமிகிரேசனிலை விசாரிச்சன். ஏப்ரலிலையே மெடிக்கல் செய்து முடிச்சிட்டியளாம். கோவத்தோடை ஒரு மனிசன் எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கிறார் எண்டு நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடைதான் இதை எழுதுறன்.

இது மனிசனுக்கு எழுதுற கடிதம் இல்லை. நோட்டீஸ்காரனுக்கு எழுதுறன். தொழில் விசயம்.

படம் முடிஞ்சுது, ஒக்ரோபரிலை ஓடப்போகுது. போஸ்டரிலைதான் இழுபறி. படத்தை வாங்கி விக்கிற கொம்பனிக்காரர் செலீனின்ரை வெறும் உடம்பைப் பெரிசாப் போடவேணும் எண்டு நிண்டார். போட்டால் மெத்ரோ ஸ்ரேசனிலை ஒருத்தரும் ஒட்டவிட மாட்டினம், பத்திரிகையும் வாங்காது எண்டு ஹென்றி. எங்களுக்குச் சம்பளப் பேப்பர் குடுக்கக் கூப்பிட்ட அண்டைக்கு அந்தச் சண்டை என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை. உங்களோடை ரெண்டு வருசம் சீவிச்ச குணமாக்கும். கொன்வென்ற் றோட்டிலை போஸ்டர் ஒட்டேக்கை, மதர் முறைப்பாடு செய்தவ எண்டு கதாநாயகியின்ரை துடையிலை நீங்கள் வெள்ளைக் கடதாசி ஒட்டின கதையை என்ரை ஓட்டைப் பிரெஞ்சிலை சொன்னன். கடதாசி ஒட்டாத போஸ்டரைச் சனம் பாத்திட்டுப் போனது, கடதாசி ஒட்டினதுக்குக் கீழைதான் நிண்டு கதைச்சது, அண்டைக்கு மூண்டு காட்சியும் ஹவுஸ்ஃபுல் எண்டும் சொன்னன். ஹென்றி மேசையிலை தலையை வைச்சுச் சிரிச்சார். பேந்து எழும்பிப் போய் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

படமெடுக்கிற இடத்திலை ஆரோ எடுத்த ஃபோட்டோ. கமரா நிண்ட உடனை, ஹவுஸ்கோட் செலீனின்ரை தோளிலை விழுகிற நேரம். அவவின்ரை களைச்ச முகமும் கழுத்தும் தெரியுது. வேறை ஒண்டும் தெரியேல்லை. பின்னாலை இருந்து ரெண்டு கையள் அந்தக் கோட்டைப் பிடிச்சிருக்கு. என்ரை கையள்.

அதைத்தான் போஸ்டராப் போடப்போறம், சம்மதமோ எண்டு கேட்டினம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். உங்களிட்டை அனுமதி கேக்கேல்லை. ஆனால் நோட்டீஸ்காரன்ரை அபிப்பிராயம் வேணும். மாதிரி ஒண்டு உள்ளை வைச்சிருக்கிறன். அதிலை மேலை நாலு வரி எழுத்துப் போட்டிருக்கினம். எனக்கென்னவோ சரியாப் படேல்லை.

யோகராணி


வெள்ளவத்தை
02.08.1996

யோகராணிக்கு,

தொழில் விசயம் எண்டபடியால் பதில் எழுதுறன்.

ஒண்டு: நாலு வரி கூடாது. ஓடுற பஸ்ஸிலை போறவன் ஒரு வரிதான் வாசிப்பான். படத்தின்ரை பேர் மட்டும் காணும். மற்றதெல்லாம் கீழை, எறும்பு மாதிரிச் சின்னனா.

ரெண்டு: மேலை இருக்கிற எழுத்து அவவின்ரை நெத்தியிலை முட்டுது. இறக்கவேணும்.

மூண்டு: கையை மணிக்கட்டோடை வெட்டியிருக்கினம். ஆர் செய்த வேலை அது? முழங்கை மட்டும் வரவேணும். மணிக்கட்டோடை வெட்டினால் களவெடுக்க வாற கை மாதிரிக் கிடக்கு. முழங்கை தெரிஞ்சால்தான் போத்தவாற கை. நான் சொன்னதா அந்த ஹென்றிக்குச் சொல்லும்.

இவ்வளவும்தான் தொழில்.

மாதிரிப் போஸ்டரை லொட்ஜ் மேசையிலை விரிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தன். பக்கத்து அறை இரவிச்சந்திரன் எட்டிப் பாத்தான். நான் மறைக்கேல்லை. அவன் அந்தப் பொம்பிளையின்ரை முகத்தைப் பாத்து, வடிவான ஆள் எண்டான். நான் போஸ்டரிலை உம்மடை இடக்கைச் சுட்டுவிரலைக் காட்டினன். நகத்துக்குக் கீழை அந்தத் தழும்பு. கலியாணம் முடிச்ச முதல் மாசம், என்ரை சேட்டுக்குப் பொத்தான் வைக்கேக்கை ஊசி ஏறினது. நான்தான் விரலைப் பிடிச்சு ஊசியைக் கழட்டினனான். அஞ்சு வருசத்துக்குப் பிறகு அந்த விரலைப் போஸ்டரிலை காணுறன்.

விசா வந்து மே மாசத்திலை இருந்து பெட்டிக்குள்ளை கிடக்கு. ஜனவரி முப்பத்தொண்டுக்கு முன்னம் அங்கை இறங்கவேணும். இன்னும் முடிவெடுக்கேல்லை. சலூனிலை இருந்த நோட்டீஸை மட்டும் இண்டைக்குப் போய்க் கிழிச்சுக்கொண்டு வந்தன். பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் போனனான், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சனம் மறந்திட்டுது. நான்தான் மறக்கேல்லை.

நகுலேஸ்வரன்


வில்லரே
03.11.1996

அன்பின் அத்தான்,

நோட்டீஸ்காரன் சொன்ன மூண்டும் நடந்துது. நாலு வரி ஒரு வரியாச்சு, எழுத்து இறங்கிச்சுது, கை முழங்கை மட்டும் நீண்டுது. கொழும்பிலை இருந்து யோகராணியின்ரை மனிசன் சொல்லிப்போட்டார் எண்டு ஹென்றி எல்லாருக்கும் சொல்லித் திரியிறார். எங்கடை மெத்ரோ ஸ்ரேசன் சுவரிலை ஒட்டியிருக்கினம். காலமை வேலைக்குப் போகேக்கை என்ரை கையை நானே பாத்துக்கொண்டு போறன். ஓம், செலீன் தான் அடுத்து நடிக்கிற நாடகத்திலை எனக்கு உடுப்பு வேலை எடுத்துத் தந்திருக்கிறா.

முதல் நாள் மழை. ஆனாலும் சனம் குடையோடை வரிசையிலை நிண்டுது. நானும் சிசிலியும் நிண்டம். எங்களுக்கு முன்னாலை ஒரு கம்பளித் தொப்பி, கண் மட்டும் இழுத்து விட்டிருக்கு. பக்கத்திலை மனிசி. திரும்பினால் ஆரெண்டு நினைக்கிறியள்? எங்கடை அருமைநாதன் அண்ணை. என்னைக் கண்டதும், மழைக்கு ஒதுங்கினனாங்கள் பிள்ளை எண்டார். கையிலை ரிக்கற்றைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னார். படம் முடிய அவரின்ரை மனிசி என்ரை கையைப் பிடிச்சுக் கொஞ்ச நேரம் வைச்சிருந்திட்டுப் போனா. அவர் வெளியிலை போகேக்கை மனிசியின்ரை தோளிலை கை போட்டுக்கொண்டு போனார். மொன்றியலிலை நான் இத்தினை வருசத்திலை அதைக் கண்டதில்லை.

இனி எழுதப்போறதை மூண்டுதரம் எழுதிக் கிழிச்சிட்டன். இதைக் கிழிக்கேல்லை.

படத்திலை ஒரு கட்டம் வருகுது. ஆறு வருசத்துக்குப் பிறகு அவன் அவவின்ரை முதுகிலை கையை வைக்கிறான். வைச்சிட்டு, அங்காலை எங்கை போறதெண்டு தெரியாமல் நிக்கிறான். அவ அவன்ரை கையைப் பிடிச்சுக் காட்டிக் குடுக்கிறா. அதை எடுத்த அண்டைக்கு நான் மூண்டடி தூரத்திலைதான் நிண்டனான். எனக்கு வெக்கம் வரேல்லை அத்தான். நீங்கள்தான் வந்தனீங்கள். ஹென்றி 'கூப்பே' எண்டது எனக்குக் கேக்கேல்லை. ரெண்டாந்தரமும் சொன்னவராம். அந்தப் படம் முழுக்க ஹவுஸ்கோட் பிந்தினது அந்த ஒருநாள்தான்.

ரெண்டு வருசம் சேர்ந்திருந்தம். ஒருநாள்கூட விளக்கை வைச்சுக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்ததில்லை. பேந்து பாக்கலாம் எண்டு இருந்திட்டம். உங்கடை முகம் என்னட்டைப் படமாக் கிடக்கு. மற்றதுக்குப் படம் இல்லை, அது எனக்கு மறந்துகொண்டு போகுது. எனக்கு அது வேணும். உங்களோடை இருக்கவேணும் எண்டு உடம்பு கேக்குது. இதை ஒரு பொம்பிளை கடதாசியிலை எழுதலாமோ எண்டு தெரியாது. எழுதிப்போட்டன்.

வாங்கோ.

உங்கடை
ராணி


வெள்ளவத்தை
15.12.1996

என்ரை ராணிக்கு,

உம்மடை கடிதத்தை லொட்ஜ் குளியலறைக்குள்ளை வைச்சு வாசிச்சன். வெளியிலை வாளியோடை நாலு பேர் நிண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாங்கள். திறக்கேல்லை. நீர் எழுதின மாதிரித்தான் எனக்கும். இத்தினை வருசமா எழுதாததுக்குக் காரணம், பேசத்தான் எனக்குத் தெரியும், சொல்லத் தெரியாது.

அந்தப் பெப்ரவரிக் கடிதத்தைக் கிழிச்சு எறியும். நீர் செய்தது பிழையெண்டு எனக்கு அண்டைக்கும் தோன்றேல்லை. சலூனிலை சிரிச்சாங்கள், அதுதான் குத்தினது. விளம்பரக்காரனுக்குப் பொய் நோட்டீஸ் அடிச்சான் எண்ட பேர் வரக்கூடாது. அதாலை இந்தமுறை உண்மையை மட்டும் எழுதி ஒண்டு செய்திருக்கிறன். அச்சகத்துக்குக் குடுக்கேல்லை. கையெழுத்து, ஒரே ஒரு பிரதி.

'வருகிறார்! வருகிறார்!
ஜனவரி 19, ஞாயிறு பின்னேரம் 4.20 மணிக்கு
மிராபெல் விமான நிலையத்தில்
ப. நகுலேஸ்வரன்!
புத்தம் புதிய பிரதி அல்ல. முன்தலை மயிரும் ஒரு கடைவாய்ப் பல்லும் வெட்டப்பட்டுள்ளன. வயிற்றில் வண்டி புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது.
குடும்பத்தோடு பார்க்கும் படம் அல்ல.
ஒருவருக்கு மட்டுமே அனுமதி.'

அங்கை ஜனவரியிலை மூக்கு விறைச்சுப்போகும், நல்ல கோட் ஒண்டு வாங்கிக்கொண்டு போ எண்டு இரவிச்சந்திரன் சொல்லுறான். கடைக்கும் இழுத்துக்கொண்டு போனான். நான் ஒண்டும் வாங்காமல் திரும்பி வந்திட்டன். சேட்டோடைதான் இறங்குவன்.

கதவு திறக்கேக்கை மூண்டடியிலை நில்லும்.

உம்மடை
நகுலேஸ்